திட்டுப் பாட்டு

பிப்ரவரி 6

மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். பெற்றவள் மானத்தைக் கப்பலேற்றிவிட்டு நலமாக இல்லாமல் வேறு என்ன?

கடிதம் வந்திருக்கிறதே என்று முழிக்காதே. இனி உனக்கு நான் போன் செய்ய மாட்டேன். நீ செய்தாலும் எடுக்க மாட்டேன். என் வாயிலிருந்து வரும் ஒரு சொல்கூட இனி உன் போனுக்குள் போகாது. பேனாவால் எழுதியதை நீ பாட்டில் ஓட்டிவிட முடியாது அல்லவா, அதனால்தான் இந்த ஏற்பாடு.

நடந்ததைச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை நம் சலவைக் கடைக்கு ஒருவர் கோட்டு வாங்க வந்தார். அடிக்கடி வருகிறவர்தான், பேச்சுக்காரர். ரசீதை நீட்டிக்கொண்டே வாய்க்குள் ஏதோ பாடினார். "போனை எடுக்க மாட்டியா, கை என்ன முறிஞ்சு போச்சா." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது நான் உன்னிடம் சொல்வது. என்ன பாட்டு என்று கேட்டேன். "நீங்க கேட்டதில்லையா? ஒரு அம்மா திட்டிக்கிட்டே இருப்பாங்க, பின்னாடி ட்ரம்பெட் ஊதுவாங்க. எங்க வீட்டுப் பசங்க நாள் பூரா இதைத்தான் போடறாங்க" என்று தன் போனில் போட்டுக் காட்டினார். என் கடையில், என் முகத்துக்கு நேரே, என் குரல். கூடவே புஸ் புஸ்ஸென்று, துணி தேய்க்கிற நம் ஸ்டீம் பிரஸ். அந்த மெஷினைக்கூட நீ விட்டுவைக்கவில்லை. "செம வாய் அந்த அம்மாவுக்கு" என்றார் அந்த மனிதர். ஆமாம் சார் என்று கோட்டை எடுத்துக் கொடுத்தேன்.

நீ போனை எடுக்காதபோது மெசேஜ் பேசச் சொல்கிறது, பேசினேன். உன்னிடம் பேசினேன். உன் கோஷ்டியிடம் பேசவில்லை. கோஷ்டிக்குப் பெயர் 'கலப்படம்' என்று சொன்னார். மாவில் கலந்தால் பிடித்துக்கொண்டு போகிறார்கள், பாட்டில் கலந்தால் கைதட்டுகிறார்கள் போலிருக்கிறது.

அந்தப் பாட்டை எடுத்துவிடு. எடுக்கும்வரை என் குரலை நீ கேட்கப் போவதில்லை. ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று அப்பா கேட்கச் சொன்னார். நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
கேட்காமலே உன் கோஷ்டியில் சேர்க்கப்பட்டவள்


பிப்ரவரி 27

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

தாங்களும் அப்பாவும் நலம் என்று அறிந்தேன். நான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்று அப்பாவிடம் தெரிவிக்கவும். பாய்லர் பக்கத்திலேயே நின்று அவர் காது மந்தமாகிவிட்டதால் கொஞ்சம் சத்தமாகத் தெரிவிக்கவும். அதில் தங்களுக்குச் சிரமம் இருக்காது.

பாட்டை எடுக்க முடியாது. அது என் ஒருத்தியின் சொத்து இல்லை. தாங்கள் கோஷ்டி என்று சொல்லும் இடத்தில் என்னோடு நான்கு பேர் இருக்கிறார்கள். ட்ரம்பெட் வாசிப்பவர் வாழ்நாள் முழுக்க ஊர்வல பேண்டில் நடந்துகொண்டே ஊதியவர். உட்கார வைத்தால் அவருக்குச் சுரம் எழும்பாது. அறைக்குள்ளேயே அவர் நடக்க, நான் மைக்கைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவேன். வயலின் டீச்சர் சுத்தமான சாஸ்திரிய சங்கீதம். முதல் நாள் ட்ரம்பெட்டைக் கேட்டுவிட்டு வயலினைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். டாக்ஸி டிரைவர் சிக்னலில் நிற்கும்போது வரிகள் எழுதி, வேகமாகப் பேசியே பாடுகிறவர். ஒலியைச் சேர்த்துத் தருகிறவரை நாங்கள் 'காது' என்றுதான் கூப்பிடுவோம். இந்த நான்கு பேரையும் ஒரே பாட்டில் உட்கார வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எதை எழுதினாலும் ஒருவர் ஓடினால் ஒருவர் நின்றுவிடுவார்.

ஒரு நாள் சும்மா சிரிப்பதற்காகத் தங்கள் மெசேஜ் ஒன்றைப் போட்டுக் காட்டினேன். வயலின் டீச்சர் தொடையில் தட்ட ஆரம்பித்தார். "உங்கம்மா தாளத்துல திட்டறாங்க, கவனிச்சியா?" என்றார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. தாங்கள் பிரஸ்ஸை அழுத்திப் பிடித்திருக்கும் நேரத்தில் திட்டுகிறீர்கள். ஆவியைத் திறந்துவிடும்போது சத்தத்தில் கேட்காது என்று நிறுத்துகிறீர்கள். மறுபடி அழுத்தம், மறுபடி திட்டு. அளந்து வெட்டினாற்போல் ஒரே நீளம். அன்றைக்குத்தான் நான்கு பேரும் முதன்முதலாகச் சேர்ந்து வாசித்தார்கள். எங்களை யாராவது திரும்பிப் பார்த்தார்கள் என்றால் அந்தப் பாட்டால்தான். ஜூன் கடைசியில் நகர மண்டபத்தில் எங்கள் கச்சேரி வைத்திருக்கிறார்கள். அது இல்லாமல் மேடை ஏற முடியாது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பாட்டின் முடிவில் தங்கள் குரலில் ஒரே ஒரு நல்ல வார்த்தை வைக்க ஆசைப்பட்டேன். சேர்ந்து கிடந்த மெசேஜ் எல்லாவற்றையும் தோண்டினேன். வருஷக் கணக்கில் பேசியிருக்கிறீர்கள், ஒன்றுகூட இல்லை. திட்டைத் தவிர வேறெதுவும் தாங்கள் எனக்கு அனுப்பவில்லை. இருப்பதை வைத்துத்தானே பாட்டுக் கட்ட முடியும்.

இப்படிக்கு,
தங்கள் மகள்


மார்ச் 5

மகளுக்கு,

நலம். எப்போதிலிருந்து நான் 'தாங்கள்' ஆனேன்? இரண்டு வயதில் 'ஏய் அம்மா' என்று கூப்பிட்டவள். உன் மரியாதையைப் பார்த்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்த நோட்டீஸ் மாதிரி இருக்கிறது.

திட்டியதை ஊர் கேட்டுவிட்டதே என்று நான் அழுகிறேன் என நினைத்துவிடாதே. நான் எப்போது ரகசியமாகத் திட்டியிருக்கிறேன்? கடை வாசலில் நின்று நாலு தெரு கேட்கத் திட்டியிருக்கிறேன். எனக்கு எரிவது வேறு. "அம்மா, உன் குரலை எடுத்துக்கறேன்" என்று ஒரு வார்த்தை கேட்க உனக்கு வாய் வரவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் கேட்டிருக்க வேண்டும்.

பாட்டை முழுசாக ஒரு தரம் கேட்டேன். குறை சொல்வதற்காகத்தான் கேட்டேன். அந்த ட்ரம்பெட் மனிதர் அவசரக் குடுக்கை. நான் மூச்சு வாங்குவதற்குள் உள்ளே பூந்துவிடுகிறார். டிரைவர் பேசுவது ஒரு அட்சரம் புரியவில்லை, வண்டியும் அப்படித்தான் ஓட்டுவாரா? அப்பா ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கடைசிவரை நின்றார். பிரஸ் நன்றாக வேலை செய்கிறது என்று சொன்னார்.

நல்ல வார்த்தை இல்லை என்று எழுதியிருக்கிறாய். படிப்பை முடித்துவிட்டுக் கடைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, ரயிலேறின பிறகு வர மாட்டேன் என்று போன் செய்தவளுக்கு நல்ல வார்த்தை வேறா? லாட்ஜ் போர்வைகள் மூட்டை மூட்டையாக வந்து விழுகின்றன. அப்பாவுக்கு மணி அடித்தால் கேட்காது, வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இரண்டு கையும் பிரஸ்ஸில் இருக்க, போனை அலமாரியில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உன்னைக் கூப்பிடுவேன். நீ எடுக்க மாட்டாய். கொஞ்சிப் பேச அப்போது எனக்கு வரவில்லை.

நான் ஒன்று கேட்கிறேன். என் பேச்சு அவ்வளவு கசப்பு என்றால் அத்தனை வருஷத்து மெசேஜையும் அழிக்காமல் ஏன் வைத்திருந்தாய்? இதற்குப் பதில் எழுது. பாட்டையும் எடு.

இப்படிக்கு,
ஏய் அம்மா


ஏப்ரல் 14

அம்மாவுக்கு,

நலம். பதில் எழுதத் தாமதம், ஒத்திகை தலைக்கு மேல் இருக்கிறது. நீ மரியாதை வேண்டாம் என்றதால் நானும் விட்டுவிட்டேன்.

பேட்டரிக் கடைக்கு மேலே ஒரு அறை எடுத்திருக்கிறோம். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, ஜன்னலுக்குப் பழைய மெத்தையை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறோம். ஐந்து பேர் உள்ளே போனால் வேர்த்துக் கொட்டும். அதற்குள் ட்ரம்பெட்காரர் நடைவேறு நடக்க வேண்டும். அவர் அவசரக் குடுக்கை என்று நீ சொன்னதை அவரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தால், "அம்மா சொல்றது சரிதாம்மா, நான் ஒரு அடி முன்னாலதான் வரேன்" என்று தலையாட்டுகிறார். டீச்சரோ வரும்போதெல்லாம் "அம்மாகிட்ட கேட்டியா" என்று ஆரம்பிக்கிறார். உனக்கு இங்கே ஆள் சேர்ந்துகொண்டிருக்கிறது.

மேடைக்குப் பாட்டை நீட்டிப் போடப்போகிறோம். அதற்காகக் 'காது' உன் மெசேஜ்கள் முழுவதையும் வாங்கிக்கொண்டு போனார். போன வாரம் வந்து என்னிடம் ஒன்று கேட்டார். "ஏம்மா, இதோட கடைசியெல்லாம் நீ கேட்டதே இல்லையா?" என்ன கடைசி என்றேன். நீ போனைக் கட் செய்வதே இல்லையாம். திட்டி முடித்துவிட்டு அப்படியே அலமாரியில் விட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறாய். அது பாட்டுக்கு ஓடி, தானாக நிற்கும்வரை எல்லாம் பதிவாகியிருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும்? உன் திட்டு ஓய்ந்த நிமிஷமே நான் நிறுத்திவிடுவேன். நல்ல வார்த்தை தேடினபோதும் அப்படித்தான் செய்தேன்.

ஒன்றிரண்டு போட்டுக் காட்டினார். ஆவிச் சத்தம், மூட்டை விழும் சத்தம், அப்பாவிடம் நீ கத்திக் கத்திப் பேசுவது. "சட்டையில பட்டனைக் காணோம்னேன், பட்டன், பட்டன்." நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அதிலிருந்தும் எடுக்கப்போகிறோம். மற்றதையும் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
மகள்


ஏப்ரல் 17

மகளுக்கு,

நலமா?

அந்த மீதியைக் கேட்காதே. உன் ஆளிடமும் சொல்லி நிறுத்து. திட்டு உன்னுடையது, வைத்துக்கொள். ஊரெல்லாம் போட்டுக்கொள், இனி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். வேண்டுமானால் புதிதாகத் திட்டியும் அனுப்புகிறேன். அதற்குப் பிறகு பேசியது உன் அப்பாவிடம் பேசியது. அது உனக்கு இல்லை.

இந்த ஒரு தரம் சொன்ன பேச்சைக் கேள்.

அம்மா


மே 20

அம்மா,

உன் நலத்தை விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

கேட்டுவிட்டேன். நீ கேட்காதே என்று எழுதியிருக்காவிட்டால் ஒருவேளை பாதியில் சலித்துப்போய் விட்டிருப்பேன். உன் கடிதம் வந்த அன்றே 'காது'வின் அறைக்குப் போய், எல்லாவற்றையும் வரிசையாகப் போடச் சொன்னேன்.

ட்ரம்பெட்காரரோடு சேர்ந்து நான் செய்த முதல் பாட்டு ஞாபகம் இருக்கிறதா? இந்த ஊருக்கு வந்த புதிது. வேறு யாருக்கும் காட்டாமல் முதலில் உங்களுக்குத்தான் அனுப்பினேன். மறுநாள் உன் மெசேஜ் வந்தது. "இது பாட்டா? தகர டப்பாவுல கல்லைப் போட்டு ஆட்டின மாதிரி இருக்கு. உனக்கு இதெல்லாம் வராது. கடையில ஆள் இல்ல, ஒழுங்கா வந்து சேரு." அதோடு நான் நிறுத்திவிட்டேன். இப்போது மீதியைக் கேட்டேன். நீயே மறந்திருப்பாய், எழுதிக் காட்டுகிறேன்.

"பாட்டு நல்லா இருக்குங்க."

"என்னது?"

"பாட்டு. அவ பாட்டு. நல்லா இருக்குன்னேன்."

"சரியா கேக்கல."

"நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு."

"அப்புறம் ஏன் அவகிட்ட அப்படிச் சொன்ன?"

"நல்லா இருக்குன்னு சொன்னா அங்கேயே இருந்துடுவா. மட்டம்னு சொன்னாத்தான் திரும்பி வருவா."

"அவகிட்டயே சொல்லிடலாம்ல."

"நீங்க சும்மா இருங்க."

பிறகு புஸ்ஸென்று ஆவி. என்னிடம் ஒரு தடவை சொல்ல வேண்டியதை அப்பாவிடம் மூன்று தடவை கத்தியிருக்கிறாய்.

நீ தகரம் என்று சொன்னதை நம்பி அந்தப் பாட்டைத் தூக்கி எறிந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ நாள் ஒரு வரி எழுதவில்லை. ஆஸ்பத்திரி கவுண்டரில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்தேன். அந்தப் பாட்டுக்கு எங்களோடு கிதார் வாசித்த பெண் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு வேறு இடம் போய்விட்டாள். ட்ரம்பெட்காரர் மட்டும் வாரம் தவறாமல் வந்து "ஏதாவது வந்துச்சாம்மா" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் டீயைக் குடித்துவிட்டுப் போவார். நான் வீட்டுக்கும் வரவில்லை, பாட்டும் எழுதவில்லை. உன் தந்திரம் உனக்கும் ஆகவில்லை, எனக்கும் ஆகவில்லை. அதற்குப் பிறகு அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் இதே கதைதான். என்னிடம் மட்டம், அப்பாவிடம் நல்லா இருக்கு.

உலகத்தில் எல்லாரும் நன்றாக இல்லை என்று சொல்லட்டும், நான் தாங்கியிருப்பேன். தெரிந்தே பொய் சொன்னவள் நீ.

முடிவில் வைக்க ஒரு நல்ல வார்த்தை தேடினேன் என்று எழுதினேன் இல்லையா? கிடைத்துவிட்டது. நகர மண்டபத்தில் அத்தனை பேருக்கு நடுவே அதைப் போடப்போகிறேன். ஊர் கேட்கட்டும்.

மகள்


மே 25

மகளுக்கு,

நான் நலமாக இல்லை. முதுகு வலி. அதைச் சொல்லி உன் மனதைக் கரைக்கப் பார்க்கிறேன் என்பாய், அதனால் அதோடு விடுகிறேன்.

ஆமாம், சொன்னேன். பொய்தான். மன்னிப்புக் கேட்பேன் என்று நீ காத்திருந்தால் வீணாகக் காத்திருக்கிறாய். உன்னை அழுத்தி மிதிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. நீ வேண்டும் என்று சொன்னேன். நன்றாகப் பாடினால் போய்விடுவாய், மோசமாகப் பாடினால் வருவாய் என்று இருக்கும்போது பெற்றவள் எதை வேண்டிக்கொள்வாள்? உனக்கு வயிற்றெரிச்சல் உன் பாட்டுப் போனதற்கு. எனக்கு, பெண் போனதற்கு. எது பெரிசு என்று உன் மண்டபத்திலேயே கேட்டுப் பார்.

அந்த முதல் பாட்டை உன் அப்பா வீட்டுக்கும் கடைக்கும் நடுவே சீட்டி அடித்துக்கொண்டே நடப்பார். காது கேட்காத மனிதர், நான் பாடிக் காட்டியதைப் பார்த்துப் பிடித்துக்கொண்டார். சுருதி துளியும் சேராது. நிறுத்துங்கள் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தப் பாட்டை நீ தூக்கி எறிந்தாய் என்பது உன் கடிதம் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். நான் சொன்னதற்கெல்லாம் எதிராகவே செய்து பழகியவள், இதற்கும் வீம்புக்குப் பாடிக்கொண்டிருப்பாய் என்று நினைத்தேன். மற்ற எதிலும் என் பேச்சைக் கேட்காதவள் இதில் மட்டும் ஏன் கேட்டாய்?

அதைப் போடாதே. திட்டைக் கேட்டு ஜனங்கள் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். இதைக் கேட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள். கோட்டு வாங்க வருகிற அந்த மனிதர் நாளைக்கு என் முகத்தைப் பார்த்து என்ன நினைப்பார்? புருஷனிடம் மட்டும் சொன்ன பேச்சை வெளியே எடுத்துப் போடுவது, அழுக்கு மூட்டையைப் பிரித்துத் தெருவில் கொட்டுகிற மாதிரி. இத்தனை வருஷத் தொழிலில் நான் எந்த வாடிக்கையாளருக்கும் அதைச் செய்ததில்லை.

நான் கெஞ்சிப் பழகியதில்லை. இதை எப்படி எழுதுவது என்றும் தெரியவில்லை. போட்டாய் என்றால் அதோடு முடிந்தது. எழுத்தும் கிடையாது.

அம்மா


ஜூன் 8

அம்மாவுக்கு,

உன் முதுகு எப்படி இருக்கிறது? டாக்டரிடம் காட்டு.

போடப்போகிறேன். நேற்று ஒத்திகையில் சேர்த்தும்விட்டோம். டீச்சர் அந்த இடத்தில் வாசிக்க மாட்டேன் என்று வில்லை மடியில் வைத்துவிட்டார். அவர் இஷ்டம். டிரைவர், "அம்மா பாவம்ங்க, விட்டுடலாமே" என்றார். உங்கள் அம்மாவைப் பற்றி எழுதும்போது நீங்கள் விடுங்கள் என்றேன்.

மெசேஜை ஏன் அழிக்கவில்லை என்று மார்ச்சில் கேட்டாய். அதற்குப் பதில் சொல்ல இன்னும் எனக்கு விருப்பம் இல்லை.

இதோடு ஒரு டிக்கெட் வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு. உனக்கு இல்லை.

மகள்


ஜூலை 6

அம்மாவுக்கு,

நீ சொன்னபடியே செய்கிறாய், ஒரு வரிகூட இல்லை. இருக்கட்டும். நான் எழுதுகிறேன்.

அப்பா வந்திருந்தார். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டை, முதல் வரிசை. ட்ரம்பெட்காரர் மேடையிலிருந்து இறங்கி அவர் எதிரே நின்று ஊதினார். அப்பா கையை நீட்டி ட்ரம்பெட்டின் வாய் மேல் வைத்துக்கொண்டார். முடிந்ததும் கூட்டத்தில் நான் அவரிடம் வருவதற்குள் அவசர அவசரமாக வெளியே போய்விட்டார். ஏன் அந்த அவசரம் என்று தெரியவில்லை.

கடைசிப் பாட்டாக அதை வைத்தோம். பிரஸ் சத்தத்தில் ஆரம்பித்தது. உன் திட்டுக்கு மண்டபம் முழுக்கச் சிரித்தது, சிலர் கூடவே சேர்ந்து திட்டினார்கள். பிறகு டீச்சரைத் தவிர மற்றவர்கள் வாசிப்பைத் தணித்துக்கொள்ள, நீயும் அப்பாவும் பேசுவது தெளிவாக ஒலித்தது. "நல்லா இருக்குன்னு சொன்னா அங்கேயே இருந்துடுவா." அந்த நிமிஷத்துக்காகத்தான் நான் இத்தனை நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இப்படியும் ஒரு தாயா என்று ஊர் வாயடைத்துப் போகும், நான் நிமிர்ந்து நிற்பேன் என்று இருந்தேன்.

வாயடைத்துத்தான் போனார்கள். பிறகு கைதட்டினார்கள். நிற்கவே இல்லை. முன்வரிசையில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். டிரைவர் அழுது, அதற்குப் பிறகு வர வேண்டிய தன் வரிகளை மறந்துவிட்டார். வெளியே வந்தால் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கம்மாவுக்கு உங்க மேல எவ்ளோ ஆசை பாருங்க" என்கிறாள். எனக்கு அவளை அடிக்க வேண்டும்போல் இருந்தது. உன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினேன். அத்தனை பேரும் சேர்ந்து உன்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். நான் இழந்த வருஷங்கள் யாருக்கும் கேட்கவில்லை.

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உன் மேல் கோபம் குறையவில்லை. ஆனால் அந்தக் கைதட்டல் எனக்குப் போதவில்லை, அது ஏன் என்று தெரிந்துவிட்டது. அதனால்தான் வெட்கம் கெட்டுப்போய் இதை எழுதுகிறேன்.

ஒரே ஒரு கேள்வி. கடைக்கு ஆள் வேண்டும் என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு, என்னிடம், அப்பாவிடம் இல்லை, என்னிடம் சொல். என் பாட்டு எப்படி இருக்கிறது? பதில் வராவிட்டால் நானும் இனி எழுத மாட்டேன்.

மகள்


ஆகஸ்ட் 19

மகளுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீ நலமா?

பதிலுக்கு இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டதற்கு வேலை காரணம் இல்லை. எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன்.

கச்சேரிக்கு நானும் வந்தேன். அப்பாவைத் தனியாக எப்படி அனுப்புவது, ரயிலில் ஊர் பெயர் சொன்னால் அவருக்குக் கேட்காது. என் டிக்கெட்டை நானே எடுத்தேன், நீ கொடுத்து வரவில்லை. உட்காரவில்லை, கடைசியில் கதவோரமாக நின்றேன். அந்தப் பேச்சு வந்தபோது வெளியே போய்விடத்தான் நினைத்தேன், ஆனாலும் நின்று கடைசிவரை கேட்டேன். எனக்குப் பக்கத்தில் நின்ற ஆள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கைதட்டினார். நான் தட்டவில்லை. அவர்கள் அழட்டும், அவர்களுக்கு என்ன தெரியும்? நீ செய்தது நியாயம் இல்லை. நூறு பேர் கைதட்டினாலும் நியாயம் ஆகிவிடாது. அதை நான் மறக்கப்போவதில்லை. அந்த இடத்தில் வில்லை மடியில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாளே ஒரு பெண், அவளிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

நான் செய்ததும் நியாயம் இல்லை என்று அப்பா சொல்கிறார். ரயிலில் திரும்பும்போது, பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கடைக்கு ஆள் வைத்துவிட்டேன். கணவனை இழந்த பெண், சுறுசுறுப்பாக இருக்கிறாள், பிரஸ்ஸை ஒரே வாரத்தில் பழகிக்கொண்டாள். தங்க இடம் இல்லை என்றாள். உன் அறையைக் கொடுத்திருக்கிறேன். உன் கட்டில் இப்போது அவளுடையது. அலமாரியில் இருந்த உன் துணிகளைத் தேய்த்து, உன் பழைய கீபோர்டையும் சேர்த்துக் கட்டி லாரியில் போட்டுவிட்டேன். அந்தப் பேட்டரிக் கடை விலாசத்துக்கு வரும், ஆள் நின்று வாங்கிக்கொள்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். இரண்டாவது பாட்டு நன்றாக இல்லை, இழுவை. நாலாவதில் உன் குரல் மேலே போகும்போது பிசிறடிக்கிறது, பயந்துகொண்டு பாடுகிறாய். ட்ரம்பெட்காரர் இன்னும் ஒரு அடி முன்னால்தான் வருகிறார். இதெல்லாம் உண்மை, உன்னைக் கூப்பிடுவதற்காகச் சொல்லவில்லை.

மற்றதையும் சொல்ல வேண்டும். எழுதி எழுதிக் கிழித்தேன். சொல்லிவிட்டால் பிறகு உன்னைக் கூப்பிட என் கையில் ஒன்றும் இருக்காது. அந்தப் பயத்தில்தான் இத்தனை வருஷமும் சொல்லாமல் வைத்திருந்தேன், வேறொன்றும் இல்லை.

உன் பாட்டு நன்றாக இருக்கிறது. முதலில் இருந்தே நன்றாகத்தான் இருந்தது.

நீ வீட்டுக்கு வர வேண்டாம்.

அம்மா